சுருதி பார்க்க வாங்கிய கிளிப்

சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கொதிகலன் மானியின் முள் கொஞ்சம் தப்பாகக் காட்டினால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்றுக்கொள்ளக் கிளம்பினால், வாசிப்பதைவிடச் சுருதி சேர்ப்பதில்தான் அதிக நேரம் போகும். இது என் மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

மனைவியின் அண்ணனுக்கு மணிவிழா வந்தது. மனைவி நன்றாகப் பாடுவாள். தோ பாயோ கோயில் பஜனையில் எத்தனை பேர் பாடினாலும் அவள் குரல் தனியாகத் தெரியும். விழாவில் இரண்டு பக்திப் பாடல்கள் பாடும்படி அண்ணன் கேட்டிருந்தார்.

"நீங்களும் கிட்டார் வாசிங்களேன். சும்மா உக்காந்து சாப்ட்டுட்டு வர்றதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றாள்.

இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அதுவரை கைப்பேசியில் இருந்த ஒரு செயலியை வைத்துத்தான் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அது ஒலிவாங்கி வழியாகக் கேட்டுச் சொல்லும். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே ஒரு மரம், மரத்தில் ஒரு குயில். விடிந்ததும் அது கத்தத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் யாரும் தூங்க முடியாது. ஒரு சனிக்கிழமை காலை நான் கம்பியைத் தொடக்கூட இல்லை. செயலி பச்சை காட்டி, மிகச் சரியான சுருதி என்று பாராட்டியது. குயில் கூவி முடித்திருந்தது. அன்றே முடிவு செய்தேன், கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் வாங்குவதென்று. அது காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதில்லை. கிட்டார்க் கட்டையின் அதிர்வை மட்டும் உணர்ந்து சொல்லும். குயிலுக்கு அங்கே வேலை இல்லை.

வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் படித்தேன். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டுக்கு இடையே உள்ள தூரத்தை நூறாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு சென்ட் என்கிறார்கள். சாதாரண டியூனர் ஒரு சென்ட், இரண்டு சென்ட் முன்பின்னாகக் காட்டும். விலை கூடியது பத்தில் ஒரு சென்ட் வரை பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப இருக்குறது மூணு சென்ட் தப்பாக் காட்டுதுன்னு வச்சுக்க..."

"மூணு காசுக்கா இவ்வளவு அக்கப்போரு?" என்று ரசத்தை ஊற்றினாள்.

சிட்டி ஹால் பக்கம் பழைய கடைத்தொகுதி ஒன்றில் இசைக்கருவிக் கடைகள் உண்டு. அங்கே ஒரு சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று கிளிப்புகளை எடுத்து வைத்தார். மூன்றையும் ஒரே கிட்டாரின் தலையில் மாட்டச் சொன்னேன். ஒரே கம்பியை மீட்டினேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். மூன்றாவது யோசித்துக்கொண்டே இருந்தது.

"எதுதான் சரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எல்லாமே சரிதான் லா அங்கிள். நீங்க ரொம்பப் பலமா மீட்டுறீங்க."

அவர் சொன்னது உண்மை. பலமாக மீட்டினால் சுருதி முதலில் ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். ஆனால் உண்மையைக் கேட்க நான் அங்கே போகவில்லை; மிகத் துல்லியமானதை வாங்கப் போனேன். யோசித்துக்கொண்டிருந்த மூன்றாவதை வாங்கினேன்.

அதன் பிறகு வீட்டில் சுருதி சேர்ந்ததே இல்லை. கிட்டாரின் கழுத்தை லேசாக அழுத்தினால் விளக்கு நகரும். குளிரூட்டியைப் போட்டால் நகரும், அணைத்தால் வேறு பக்கம் நகரும். ஆறாவது கம்பியைச் சரிசெய்து முடிக்கும்போது முதல் கம்பி விலகியிருக்கும். மனைவி இரண்டு பாடலையும் பாடி முடித்துவிட்டுத் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுவாள். நான் மூன்றாவது கம்பியில் இருப்பேன்.

விழா, சிராங்கூன் சாலையில் ஒரு சைவ உணவகத்தின் மாடியில். அன்று காலை எல்லாக் கம்பியும் பச்சை காட்டியது. கடவுளே இறங்கி வந்ததுபோல் இருந்தது. கிட்டாரைக் குழந்தையைப் போல டாக்சியில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

மேடையில் மனைவியின் பெரியப்பா ஆர்மோனியத்துடன் உட்கார்ந்திருந்தார். பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாசிக்கப்போவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டையை அழுத்தினார், நான் கம்பியை மீட்டினேன். முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

"பெரியப்பா, உங்க ஆர்மோனியம் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றேன், கிளிப்பைக் காட்டி. "முப்பது சென்ட்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது எங்கப்பா காலத்துலேர்ந்து இங்கதான் நிக்குது. அப்ப உங்க கிட்டார்தான் எறங்கியிருக்கு."

டியூனரின் அடிப்படைச் சுருதியையே ஏற்றிக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. கையேட்டை முழுதும் படித்தவன், எனக்குத் தெரியும். ஆனால் தப்பான மானிக்காக அளவுகோலை மாற்றினால் தொழிற்சாலையில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை.

மனைவி குனிந்து என் காதருகே, "என்னங்க, எல்லாரும் பாக்குறாங்க. அவர் வாசிக்கிறதைக் கேட்டுச் சேருங்க" என்றாள். ஆர்மோனியத்தின் சுரத்தையே மெல்ல முனகிக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொரு திருகாகத் திருப்பினேன். அவள் தலையசைத்தால் அடுத்த கம்பி. ஆறும் முடிந்தன. இவ்வளவு சீக்கிரம் நான் சுருதி சேர்த்ததே கிடையாது.

அவள் பாடினாள். நல்ல பாட்டு, நல்ல குரல். கிட்டார் தலையில் மாட்டியிருந்த கிளிப்பை எடுக்க மறந்திருந்தேன். நான் தொட்ட ஒவ்வொரு கம்பிக்கும் அது தவறு, தவறு என்று சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. பார்த்தால் கை நின்றுவிடும் என்று மனைவியின் முகத்தையே பார்த்து வாசித்தேன். உறவினர்கள் அதை இருபத்தைந்து வருடத்துக் காதல் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

"மச்சான், கிட்டார்ல அந்த லைட்டு சூப்பரா இருந்துச்சு. எங்க வாங்கினீங்க?" என்று விழா நாயகரான மைத்துனர் பந்தியில் கேட்டார். கடையைச் சொன்னேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியப்பா இலையிலிருந்து தலைநிமிர்ந்தார். "பரவால்ல மாப்பிள்ளை, ஒருவழியாக் கிட்டாரைச் சரி பண்ணிட்டீங்க."

"ஆமாங்க பெரியப்பா" என்றேன். பாயசம் வந்துகொண்டிருந்தது.