சிட்டுவின் தட்டில் யார் கை?

எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவள் தொழில். கடைத்தெரு முழுக்க அவளுக்குப் பெயர் வைண்டிங் அக்கா. யாருக்கும் வளைந்து கொடுக்காத ஆள். மகள் விஷயத்தில் மட்டும் ஒருமுறை வளைந்தாள்.

மகள் சிட்டுவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பாலில் தோய்த்த ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள்.

ஒருநாள் நாத்தனார் ஒரு வீடியோவோடு வந்தாள். "கோதுமையும் பாலும்தான் அண்ணி இவளுக்கு எதிரி. கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்காம். நிறுத்திப் பாருங்க, கடகடன்னு பேசுவா."

'பேசுவா' என்ற அந்த ஒரு சொல்லில் வைண்டிங் அக்கா விழுந்துவிட்டாள். எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? வீட்டிலிருந்த பாலும் கோதுமை மாவும் பக்கத்து வீட்டுக்குப் போயின. அரிசிமாவில் ரொட்டி சுட்டாள். சுத்தியலால் உடைக்கிற மாதிரி வந்தது. சோயா பால் வாங்கினாள். சிட்டு முகர்ந்து பார்த்துத் தட்டைத் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். போகப்போக உருளைக்கிழங்கையே சந்தேகமாகப் பார்த்தாள். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பேச்சு வரவில்லை, இருந்த சிரிப்பும் போயிற்று.

குளிப்பாட்டும்போது மகளின் முதுகெலும்பு கையில் நெருடியது. அன்றே கடையைப் பூட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

"சில பேருக்கு கோதுமை சுத்தமா ஒத்துக்காது, அவங்க நிறுத்தித்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "இவளுக்கு அப்படி இருக்கான்னு, மறுபடி கொஞ்ச நாள் கோதுமை சாப்பிட வெச்சுட்டு டெஸ்ட் எடுப்போம். ஆனா நிறுத்தினா ஆட்டிசம் மாறும்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்லம்மா. இப்ப இவ எடைதான் எனக்குக் கவலை."

வீட்டுக்கு வரும்போது கையில் ரொட்டியும் பாலும் இருந்தன. வாசலிலேயே நாத்தனார்.

"தெரிஞ்சே விஷத்த வைக்கிறீங்களே அண்ணி! பெத்தவ இதுகூடச் செய்யமாட்டீங்களா?"

வைண்டிங் அக்கா பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "செஞ்சேனே! செஞ்சுதான எம்பொண்ணு எலும்பா நிக்கிறா. அவள மாத்துறதுக்கு நான் சோறு போடல, வளக்குறதுக்குப் போடுறேன். நீ நல்லதுக்குத்தான் சொன்ன, அது எனக்குத் தெரியும். ஆனா இனிமே இவ தட்டுல டாக்டரத் தவிர வேற யார் கையும் வரக்கூடாது. உன் போனும் வரக்கூடாது."

சிட்டு நின்றபடியே தின்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டி இன்னும் கேட்டாள்.

டெஸ்டில் கோதுமையால் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. உறவில் "திமிர் பிடிச்சவ" என்று பேசினார்கள். "ஆமா, கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கம்பி சுற்றப் போனாள். சிட்டுவுக்குப் பயிற்சி தருகிற டீச்சர் அவசரப்படாமல் முட்டை சாப்பிடப் பழக்கினாள், பிறகு வாழைப்பழம்.

சிட்டுவுக்கு இப்போது பன்னிரண்டு. பேச்சு இன்னும் வரவில்லை. போன வாரம் புதுச் சட்டை எடுக்கப் போனபோது, "பழைய அளவு பத்தாதுக்கா, நல்லா வளந்துட்டா" என்றாள் கடைக்காரப் பெண்.

"பின்ன? சாப்பிடுறால்ல" என்றாள் வைண்டிங் அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி.