எலுமிச்சை வாசனையும் ஒரு மொட்டைத் தலையும்

பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு காலையில் காரைத் துடைத்தால் எனக்குத் தும்மல் வரும். டேஷ்போர்டில் அவர் பீய்ச்சும் பாலிஷின் எலுமிச்சை வாசனைதான் காரணம். "தொட்டுப் பாருங்க சார், எப்படி வழுக்குது!" என்று கூப்பிடுவார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். தொட்ட கையை வேறு எதன்மீதாவது வைத்துவிடுவேனோ என்று பயம். வைக்க இப்போது என்ன இருக்கிறது, என் வீட்டுச் சோபாவைத் தவிர?

ஓசூரில், மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பளபளக்கும் டேங்கின்மேல் குனிந்து முகம் பார்ப்பதுதான். முகம் கோணாமல் தெரிந்தால் டேங்க் பாஸ். என் முகம் இயல்பிலேயே கொஞ்சம் கோணல் என்பதால் எத்தனையோ நல்ல டேங்குகளை ஒதுக்கியிருப்பேன் என்பது என் மனைவியின் கணிப்பு.

ஒரு குளிர்காலத்தில் டேங்குகளில் குழி விழத் தொடங்கியது. எண்ணெய் அதிகமான தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் விலகுமே, அப்படிப் பெயிண்ட் விலகி, அம்மைத் தழும்பு போல வட்டமாக ஒரு பள்ளம். கூட்டம் போட்டோம். காரணம் தேடுவதற்கு மீன்முள் மாதிரி ஒரு படம் வரைவது எங்கள் வழக்கம். ஒரு முள் இயந்திரத்துக்கு, ஒன்று பெயிண்டுக்கு, ஒன்று காற்றுக்கு, ஒன்று மனிதனுக்கு. எத்தனை முள் வரைந்தாலும் கடைசியில் குத்துவது மனிதனைத்தான்.

குத்துப்பட்டவன் அருள்ராஜ். கிருஷ்ணகிரிக்காரன். ஸ்ப்ரே கன் பிடிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. ஆனால் தலையில் தேங்காய் எண்ணெய் வழியும். "அவன் தலை எண்ணெய்தான்யா டேங்க்ல சொட்டுது" என்றார் மேனேஜர். இனியும் குழி விழுந்தால் கன்னைப் பிடுங்கிக்கொண்டு லாரியில் பெட்டி ஏற்ற அனுப்பிவிடுவதாக முடிவானது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அருள்ராஜ் மொட்டையோடு ஏறினான்.

"இன்னாடா, வேளாங்கண்ணிக்குப் போனியா?" என்றார் டிரைவர் நாகப்பா.

"மாதா கேக்கலண்ணா. மேனேஜர் கேட்டாரு."

பஸ்ஸே சிரித்தது. அன்றும் குழி விழுந்தது. மேனேஜர் அசரவில்லை. "உள்ள ஊறியிருக்கும்" என்றார். குழி விழுந்த தகட்டை வெட்டி பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். அந்த முடிவு வரும்வரை பொறுக்கும்படி கெஞ்சினேன்.

குழிக்குள் இருப்பது சிலிக்கோன் என்னும், பெயிண்டை ஒட்டவிடாத வழுவழுப்பு ரசாயனம் என்று பதில் வந்தது. எந்தத் தென்னையிலும் அது காய்ப்பதில்லை. ஆக, அருள்ராஜின் தலை தப்பியது. ஆனால் சிலிக்கோன் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை கன் தப்பாது.

அன்று கம்பெனி பஸ் போகும் வழியில், குந்தாரப்பள்ளியில் சந்தை. குறுக்கே ஓடிய ஆட்டுக்காக நாகப்பா பிரேக் அடித்ததில் என் பாட்டில் தண்ணீர் பக்கத்து சீட்டில் கொட்டியது. துடைக்கப் போனவன் நின்றுவிட்டேன். தண்ணீர் பரவவே இல்லை. சேம்பு இலையில் நிற்பது போல முத்து முத்தாக உருண்டது. விரலை முகர்ந்தேன். எலுமிச்சை.

"நாகப்பா, சீட்டுக்கு என்ன போடறீங்க?"

"பாலிஷ் சார்! புது சீட்டு வந்ததிலருந்து டெய்லி அடிக்கறேன். எப்படி மின்னுது பாத்தீங்களா?"

பார்த்தேன். மின்னுவதற்காகப் பாலிஷில் கலப்பதே சிலிக்கோன்தான். அந்த மினுக்கத்தைச் சட்டையிலும் கையிலும் பூசிக்கொண்டு போய்த்தான் எல்லோரும் டேங்கைத் தொட்டிருக்கிறோம். குற்றவாளியைத் தேடிய நானும்கூட.

சீட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். சீருடையைக் கம்பெனிக்குள் வந்து மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. குழிகள் நின்றன, கன் அருள்ராஜிடமே இருந்தது. நாகப்பாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "அய்யோ தேவரே, வண்டிய சுத்தமா வெச்சுக்கறது ஒரு குத்தமா?"

அருள்ராஜ் தலையைக் குனிந்து காட்டினான். "மீதி பாலிஷ இங்க அடிண்ணா. இதாச்சும் மின்னட்டும்."

முதல் நல்ல டேங்க் வெளியே வந்தபோது என்னைக் கூப்பிட்டான். இருவரும் குனிந்தோம். கறுப்புப் பளபளப்பில் ஒரு மொட்டையும் ஒரு கோணல் முகமும்.

"மொட்டை கோணலயே சார். பாஸ் போடுங்க."

அந்தக் கம்பெனியில் இப்போது இயந்திரக் கைகள் பெயிண்ட் அடிக்கின்றன. அவற்றுக்குத் தலை இல்லை. எண்ணெய்ப் பிரச்சினையும் இல்லை. நேற்று பக்கத்து வீட்டுக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வந்தது. "பெயிண்ட் எப்படி இருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும் சார்" என்றார். பழக்கதோஷத்தில் சீட்டுக்கு முன்னால் குனிந்தேன். டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் கால் வைக்கும் பலகையும், அதன்மேல் ஒரு காய்கறிப் பையும் இருந்தன.