நாலு போதும்

வண்டியிலிருந்து வடித்த ஆயிலில் ஒரு சொட்டைக் கட்டைவிரலில் வைத்து, ஆள்காட்டி விரலால் மெல்லத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற டாக்சிக்காரருக்குப் பொறுமையில்லை. சாவியால் கண்ணாடியைத் தட்டுகிறார்.

"ரெண்டு டப்பா குடுங்கண்ணே. இதுக்கா இவ்ளோ ஆராய்ச்சி?"

"பித்தளைப் பொடி மின்னுது பாருங்க. யாரு ஊத்துனது இந்த ஆயிலை?"

"நான்தான். இருக்கறதுலயே நல்லதாப் பாத்து ஊத்துனேன்."

"நல்லதுதான். உங்க வண்டிக்கு இல்ல."

உதிரிபாகங்கள் விற்கும் அந்தக் கடையில், வெளிச்சம் கொஞ்சம் மட்டான கடைசிக் கவுண்டர் அவருடையது. கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் அங்கே கிடைக்கும். வயது அறுபத்திரண்டு. இரண்டு சட்டைக் கையும் முழங்கைவரை ஒரே அளவில் மடித்திருக்கும். கடையில் எல்லாரும் அவரை 'நாலாம் நம்பர்' என்றுதான் சொல்கிறார்கள், முகத்துக்கு நேரேகூட.

காரணம் இருக்கிறது. டப்பாக்களில் ஜிஎல் நாலு, ஜிஎல் அஞ்சு என்று தரம் அச்சிட்டிருக்கும். நாலைவிட அஞ்சு பெரியது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் அஞ்சைக் கேட்பார்கள். இவர் "நாலு போதும்" என்பார். அஞ்சில் கந்தக மருந்து தூக்கல். பல வண்டிகளில் கியரை இதமாகச் சேர்த்துவைக்கிற பித்தளை வளையத்தை அது நாளடைவில் தின்றுவிடும். "ஆயில்னா வழுக்கினா போதும்னு நெனைக்கிறாங்க சார். பல்லு வழுக்கணும், ரிங்கு மட்டும் கவ்விப் பிடிக்கணும். ரெண்டையும் ஒரே ஆயில் செய்யணும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்."

கேள்விகளும் அளவானவை. "காலையில மொத தடவை சிக்குதா, சூடானப்புறமா? கியரை ஏத்தும்போதா, இறக்கும்போதா?" அரை நிமிடம்தான். திரும்பிப் பார்க்காமலே கை சரியான டப்பாவுக்குப் போய்விடும். அதில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை.

ஆயிலைத் தாண்டினால் பேச்சு ஓர் அடி நகராது. ஒன்பது வருடமாக என் பழைய காருக்கு அவரிடம்தான் போகிறேன். "மழை வரும் போலிருக்கு" என்றால் "ம்" என்பார். "உடம்பு எப்படி?" என்றால் "ஓடுது." மத்தியானம் மற்றவர்கள் கூடி உட்கார்ந்து ஊர்வம்பு பேசிச் சாப்பிடும்போது, இவர் கியர்பாக்ஸ் படம் போட்ட புத்தகம் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு தனியே சாப்பிடுவார். திமிர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திமிரில்லை, மனிதருக்குப் பேசத் தெரியாது.

வெளியூரில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதே எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. மனைவி இருந்தவரை போன் பேச்சு முழுக்க அம்மாவுக்கும் மகளுக்கும்தான். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் இவர் கைக்குப் போன் வந்தால், "நல்லா இருக்கியாம்மா, சரி வெச்சுடவா" என்பார். ஐந்து வருடத்துக்கு முன் மனைவி இறந்தார். அதன் பிறகு மகள் கூப்பிட்டால் ஆளுக்கொரு பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். போகப்போக அதுவும் குறைந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் அவள் வீட்டருகே யாரோ ஒரு மெக்கானிக், நம்பர் கூடினால் நல்லது என்று அவள் காரில் அஞ்சை ஊற்றியிருக்கிறார். கொஞ்ச காலம் ஓடியதும் இரண்டாவது கியர் கரகரவென்று உரச ஆரம்பித்துவிட்டது. "அப்பா, கியர் விழ மாட்டேங்குது" என்று ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. "போனை கியர் கிட்ட வெச்சுப் போடும்மா, கேக்கறேன்" என்று இவர் தொடங்கினார். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினார்களாம். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். எனக்குக் காட்டினார். "காலை, குளிர். இரண்டாவது கியரில் உரசல். தொண்டை கட்டியிருக்கிறது." கியருக்கா தொண்டை என்று கேட்டேன். "அவளுக்கு சார்" என்றார். இன்னொரு பக்கத்தில், "உரசல் குறைவு. ஆபீசில் தகராறு." அதற்குக் கீழே, "இன்னும் லேசான ஆயில் ஊற்றச் சொன்னேன். பேத்திக்குக் காய்ச்சல் விட்டது."

எல்லாருக்கும் அரை நிமிடத்தில் முடிவு சொல்கிறவர், மகள் காருக்கு மட்டும் மூன்று வருடமாக ஆயிலை மாற்றி மாற்றிப் பார்க்கிறாரே என்று எனக்கு உறுத்தியது. கேட்டேவிட்டேன். ஒரு டப்பாவின் மூடியை இறுக்கியபடியே பதில் சொன்னார்.

"ஆயில்ல ஒண்ணும் இல்ல சார். ரிங்கு தேஞ்சுபோச்சு. மொத நாளே சத்தத்துல தெரிஞ்சுடுச்சு. பாக்ஸைக் கழட்டி மாத்துனா ரெண்டு நாள் வேலை."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா சரியாயிடுமே."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண் தினமும் நெரிசலில் அந்தக் கியரோடு மல்லுக்கட்டுகிறாளே என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை.

போன மாதம் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இனி இதோடு மாரடிக்க முடியாது என்று காரை விற்றுவிட்டு, கையால் கியரே போட வேண்டாத ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கிவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் மனிதர்.

சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் ஆயில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டர்மேல் வைத்தார்.

"எப்படிம்மா ஓடுது?"

"சூப்பரா ஓடுதுப்பா. சத்தமே இல்ல."

"கியர் மாறும்போது லேசா ஒரு உதறல்..."

"எதுவுமே இல்லப்பா."

"ஆயில் எப்ப மாத்தணும்னு போட்டிருக்கான்?"

"மாத்தவே வேணாமாம்ப்பா. ஆயுசுக்கும் அதே ஆயில்தானாம்."

"ஓ."

அவள் வைத்துவிடவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "அப்புறம்? நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டென்று, ஆயில் கையோடு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கவுண்டரைத் தாண்டி என் பக்கம் குனிந்தார்.

"சார்," குரலை இறக்கிக் கேட்டார், "மத்தவங்கல்லாம் பிள்ளைங்ககிட்ட என்ன சார் பேசுவாங்க?"