சும்மா கிடந்த வலது கை

சித்தப்பா சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே அவருடைய பெட்டி கிளம்பிவிட்டது. வெகுதூரம் இல்லை, தெருக்கோடியில் இருந்த அத்தை வீட்டுக்குத்தான். போகிற நாளில் நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்டி படி தாண்டினால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அப்புறம் அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது, திறக்கவும் கூடாது.

அந்தப் பெட்டிக்குள் எங்களுடைய இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் மாட்டிக்கொண்டன. துணி அடுக்கிக் கொடுத்த அத்தை, கட்டிலில் வயரோடு கிடந்தவற்றைச் சார்ஜர் என்று நினைத்துக் கைலிக்குள் சுருட்டி வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செக்காலைப் பகுதியில் எங்கள் வீட்டு மாடியறையில் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் இருந்தது. பழைய டிவி கேம்களை ஓட்டும் எமுலேட்டர் ஒன்றை அதில் போட்டிருந்தார். இருவர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் கடைசிக் கோட்டையை மட்டும் நாங்கள் பிடித்தபாடில்லை. அவர் கிளம்புவதற்குள் அதைப் பிடித்தாக வேண்டும். பயண நாளான அன்று வீட்டில் நடக்க வேண்டிய உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

"நைசாப் போயி பெட்டியில இருந்து எடுத்துட்டு வரவா?" என்று கேட்டேன்.

"ஆத்தாடி! ஒங்க அத்தைக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் உரிச்சிருவாக" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கீபோர்டை நடுவில் இழுத்து வைத்தார்.

எமுலேட்டர் ஒவ்வொன்றாகக் கேட்கும். மேலே போக எந்த விசை, கீழே போக எது, தாவ எது, சுட எது. அமுக்கிக்கொண்டே போனால் சீக்கிரம் முடிந்துவிடும். சித்தப்பாவோ அமைப்பார், ஆடிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அது மட்டமான கீபோர்டு வேறு. சில விசைகளைச் சேர்த்து அமுக்கினால் ஒன்று வேலை செய்யாது. நடுநடுவே வழியனுப்ப வந்தவர்களுக்கு முகம் காட்டக் கீழே ஓடுவார். பாதிக் காப்பியோடு மேலே வந்து மறுபடியும் அழிப்பார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடினேன். அழுகை அழுகையாக வந்தது.

கடைசியில் அவர் அமைத்ததைப் பார்த்து ஆத்திரம்தான் மிஞ்சியது. என் ஆளுக்கு எல்லா விசைகளும் இடது ஓரத்தில். நடக்க மூன்று விரல், தாவச் சுண்டுவிரல், சுடப் பெருவிரல். அவருடைய ஆளுக்கு அதே மாதிரி வலது ஓரத்தில்.

"ஒத்தக் கையால எப்பிடி ஆடுறது? இந்தக் கை என்ன பண்ணும்?"

"சும்மா கெடக்கட்டும். நானும் ஒத்தக் கைதான ஆடுறேன். சரிக்குச் சரி."

என் வலது கை தானாக விசைகளின் மேல் போனது. அவர் அதை எடுத்து என் மடியில் வைத்தார். "இங்குட்டு வா, நடுவுல ஒக்காரு" என்று தன் நாற்காலியையும் எனக்குக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று சாய்ந்தபடி ஆடினார்.

அந்த விளையாட்டில் ஒருவர் மட்டும் முன்னே ஓட முடியாது. மற்றவர் வந்து சேரும்வரை திரை நகராது. விழுந்து எழுந்து ஒருவழியாகக் கோட்டை வாசலுக்கு வந்தோம். கீழே ஹாரன் அடித்தது.

"தம்பி!" என்று சித்தப்பாவை அழைத்து அம்மா மாடிப்படியிலிருந்து கத்தினார். "இன்னும் என்னத்த நோண்டிக்கிட்டு இருக்கீக? பிளேனு என்ன டவுன் பஸ்ஸா, கைகாட்டி நிறுத்துறதுக்கு?"

சித்தப்பா ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு இறங்கினார். பாதிப்படியில் திரும்பி ஓடிவந்து, விசைகளின் அமைப்பைச் சேமித்தார். "இதை மட்டும் மாத்திப்புடாத ஆத்தா" என்று என்னிடம் சொன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் நின்று கையசைத்தேன். கார் அத்தை வீட்டில் நின்று பெட்டியை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பி மறைந்தது. மறுநிமிடம் நான் மாடியில் இருந்தேன்.

என் ஆள் முன்னே போனான். திரை நகரவில்லை. சித்தப்பாவின் ஆள் பின்னால் அப்படியே நின்றிருந்தான். "வாங்க சித்தப்பா" என்று எரிச்சலில் கத்தினேன். மடியில் கிடந்த வலது கையைத் தூக்கி அவருடைய விசைகளில் வைத்தேன். விரல்கள் கச்சிதமாகப் பொருந்தின. அவன் நடந்து வந்தான். தாவினான், சுட்டான். இருட்டுவதற்குள் கோட்டையைப் பிடித்துவிட்டோம்.

மறுநாள் சித்தப்பா போன் செய்தபோது அம்மாவிடமிருந்து பிடுங்கிப் பேசினேன். "சித்தப்பா, நீங்க இல்லாமலே ஆட நானே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன்! ஒங்க ஆளையும் நானே ஓட்டுறேன்!"

"அப்பிடியா?" என்றார். "எந்தக் கையால ஆத்தா?"

இதுகூடத் தெரியவில்லையே இவருக்கு என்று எனக்குப் பாவமாக இருந்தது.