என் மகன் போட்டுக்கொண்டு போனது

காவலர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்த அன்று எனக்கு வந்த முதல் கவலை, இவனிடம் ஒரு பேன்ட் கூட இல்லையே என்பதுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆறு வருடமாக என் மகன் எங்கள் ஒன்றரை ஏக்கரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று இடத்துக்கு எழுதிப் போட்டும் பதில் இல்லை. வருகிற ஆடியோடு வயது வரம்பு முடிகிறது. இது போனால் அப்புறம் கார்டே வராது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நான் உத்திரமேரூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஊரில் எல்லோருடைய கார்டையும் படித்து அர்த்தம் சொல்கிறவன். இந்தக் கார்டில் உடல் தகுதி, நேர்முகத் தேர்வு என்று இரண்டும் போட்டிருந்தது. உடல் தகுதி என்றால் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நேர்முகத் தேர்வு என்றால் ஒரு மேஜை, பின்னால் மூன்று அதிகாரிகள், முன்னால் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காருகிறவன் என்ன போட்டிருக்க வேண்டும் என்று பதினைந்து நாள் யோசித்தேன்.

கடையில் முதலில் காக்கித் துணியைத்தான் எடுத்துப் பார்த்தேன். பிறகு, வேலை கொடுப்பதற்கு முன்பே காக்கி போட்டு வந்துவிட்டானே என்று அதிகாரிகள் நினைப்பார்களோ என்று பயந்து சாம்பல் நிறத்தில் டெரிகாட்டன் எடுத்தேன். சட்டைக்கு வெள்ளை. டெய்லர் இப்போது பையன்கள் எல்லாம் பெல்பாட்டம்தான் தைக்கிறார்கள், இருபத்திநாலு அங்குலம் வைக்கட்டுமா என்றார். மகனுக்கு ஆசை இருந்தது. ரவுடி என்று நினைத்துவிடுவார்கள் என்று சொல்லிப் பதினாறில் நிறுத்தினேன். பட்டன் வைக்கவா, ஜிப் வைக்கவா என்று கேட்டதற்கும் நானே பதில் சொன்னேன். ஷூ என் மைத்துனருடையது. கொஞ்சம் பெரிது. விரல் பக்கம் காகிதம் திணித்தோம்.

பேன்ட் வந்ததும் வைக்கோல் போரைச் சுற்றி அவனை நடக்கச் சொன்னேன். துணி சேற்றில் படப்போகிறது என்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். என் மனைவி வாசலில் நின்று, “கொக்கு கூட இதவிட நல்லா நடக்கும்” என்றாள். அவனும் சிரித்தான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அவள் என்னிடம் தனியாக வந்து, “புள்ள உள்ள போட்டுக்க ஒரு ஜட்டி கேக்குது. உங்களாண்ட கேக்க வெக்கமா கீதாம்” என்றாள். வயலில் வேலை செய்கிறவர்களைப் போல அவனும் லுங்கிக்குள் கோமணம்தான் கட்டுவான். அதுவரை வேறெதுவும் தேவைப்பட்டதில்லை.

“உள்ள போடறத எவன் பாக்கப் போறான்? சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சா, அதப் பாரு” என்றேன்.

இன்டர்வியூ நடந்தது செங்கல்பட்டில், ஒரு பெரிய மைதானத்தில். மேஜை எங்கும் தெரியவில்லை. பையன்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அப்பன்மார்கள் முள்கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். சர்ட்டிபிகேட் பை கசங்கக்கூடாது என்று நானே வைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் நின்றவர் தாமல் கிராமத்துக்காரர், விவசாயி. நான் வாத்தியார் என்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார். வரிசையில் மூன்றாவதாக நின்ற தன் மகனைக் காட்டினார்.

விசில் ஊதினார்கள். சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அளவு எடுக்க வரச் சொன்னார் ஓர் அதிகாரி. அறுபது பையன்களும் மளமளவென்று கழற்றினார்கள். கோடு போட்ட டிராயர், நீல டிராயர், ஜட்டி. என் மகன் மட்டும் பெல்ட்டில் கை வைத்தபடி நின்றான். வெளியே வந்துவிடுவான் என்று நினைத்தேன். வந்துவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தேன். அதை மறைக்க முடியாது.

அவன் வேப்ப மரத்தடிக்குப் போனான். பேன்ட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் வைத்து, அதன் மேல் சட்டையை வைத்தான். திரும்பி வந்தபோது அவன் உடம்பில் இருந்தது கறுப்பு அரைஞாண் கயிறும், அவன் அம்மாவின் பழைய சிவப்புப் புடவையில் கிழித்த கோமணமும்.

வரிசையே சிரித்தது. “நாத்து நட வந்துகீறான்டா” என்று ஒருவன் கத்தினான். தாமல்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஏர வுட்டுட்டு அப்டியே வந்துட்டான் பாரேன். எவன் பெத்த புள்ளயோ.” பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க புள்ள எது வாத்தியாரே?” என்றார்.

வரிசையின் கடைசியில் நீல டிராயர் போட்ட ஒரு பையன் நின்றிருந்தான். யாரென்று எனக்குத் தெரியாது. என் கை அவனைக் காட்டியது.

“நல்ல வாட்டசாட்டமா கீறான்” என்றார் அவர்.

மார்பு அளந்தார்கள், உயரம் அளந்தார்கள். பிறகு மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டார்கள். இரண்டாவது சுற்றிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. என் மகன் இரண்டாவதாக வந்தான். தாமல்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு, “ஏர்க்காரன் ஓடறத பாரு, ஓடறத பாரு” என்று தன் பிள்ளையைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

ஓட்டம் முடிந்து சிலரை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். அதில் என் மகனும் இருந்தான். அவன் நேராக வேலியை நோக்கி ஓடி வந்தான், அதே கோலத்தில், வேர்வை வழிய.

“நைனா, பைய குடு. சர்ட்டிபிகேட்டு கேக்கறாங்க.”

தாமல்காரர் அவனைப் பார்த்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கீழ்க்கம்பியைப் பிடித்துத் தூக்கி, “பாத்து வாங்கு ராசா, முள்ளு கீது” என்றார். அவன் பையை வாங்கிக்கொண்டு ஓடினான். தாமல்காரர் கொஞ்ச நேரத்தில் தள்ளிப்போய் வேறு ஆட்களோடு உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பிற்பகலில் நாற்காலி இன்டர்வியூ நடந்தது, இரண்டே நிமிடம். எத்தனை ஏக்கர், எந்த ஏரிப் பாசனம் என்று கேட்டார்களாம். பேன்ட்டை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் உத்தரவு வந்தது. முதல் தேதி பயிற்சிக்குப் போக வேண்டும். வீட்டில் சந்தோஷம். எனக்குத்தான் அந்த வேலியோர நினைப்பு. தாமல்காரரின் மகனும் தேர்வாகியிருப்பான், நன்றாகத்தான் ஓடினான். இருவரும் ஒரே கொட்டகையில் படுப்பார்கள். “எங்க நைனா பக்கத்துல ஒரு வாத்தியாரு நின்னாராம்” என்று ஒரு நாள் பேச்சு வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

நேற்று அவன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், “அன்னிக்கு கிரவுண்டுல அந்தப் பசங்க சிரிச்சப்போ” என்று ஆரம்பித்தேன்.

அவன் முறத்தை நிறுத்தவில்லை. “அத வுடு நைனா. மொதல்ல கொஞ்சம் பேஜாராத்தான் இருந்திச்சி. அப்பறம் நீ வேலியாண்ட நின்னுக்கினு இருந்ததப் பாத்தேன். சரி, நம்ம ஆளு ஒருத்தர் கீறாரு இல்லன்னு நின்னுட்டேன்” என்றான்.

மூட்டையின் வாயைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.