உறைபனிக்கு மைனி போட்ட தட்டி

காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, விடிந்ததும் மைனி உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்ப்பாள். அந்தக் கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நடந்த எல்லைப் போராட்டத்தில் அண்ணனைப் பிடித்து ஜெயிலில் அடைத்துவிட்டார்கள். கொல்லயில் என்ற எங்கள் ஊரில், வீட்டில் அம்மாவும் மைனியின் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அடுப்பு எரிய வேறு வழியில்லை. அண்ணன் மனைவியான அவளும் நானும் மலையேறித் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனோம். கங்காணி நாற்றங்காலை எங்களிடம் விட்டார். ஊரில் கத்திரி நாற்றுக்குச் செய்வதையே அங்கும் செய்தோம்: பகலில் வெயில் படாமல் புல் தட்டியால் மூடினோம், அந்தியில், பனி குடிக்கட்டும் என்று திறந்துவிட்டோம். தை மாதத்தில் ஒரு காலை, நான்கு பாத்திகள் உறைபனி படிந்து உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தன. வெயில் ஏறியதும் நாற்றெல்லாம் கருகிப்போயிற்று.

"தென்னந்தோப்புக்காரிகளுக்கு நாத்து என்னத்துக்கு? இன்னும் ஒரு பாத்தி கருகட்டும், ரெண்டு பேரும் மலையிறங்கிக்கிடுங்க" என்றார் கங்காணி.

நான் அழுதேன். மைனி சுற்றி நடந்தாள். மறுநாளும் வெட்டவெளிப் புல் வெளுத்திருக்க, மரத்தடிப் புல் மட்டும் பச்சையாக நின்றது. இரண்டு இடத்திலும் கை வைத்துப் பார்த்தாள். மேகம் மூடிக் கிடந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு எங்குமே வெள்ளையில்லை.

"மக்கா, குளிரு மேலேருந்து விழல்ல. மண்ணு பகல்ல வாங்கின சூட்ட ராத்திரி வானத்துக்குக் குடுத்திருது. மேல மரமோ மேகமோ நின்னா கொஞ்சம் திரும்பி வருது. நாம வாங்கவும் விடல்ல, போறதத் தடுக்கவும் இல்ல. தலகீழா மூடியிருக்கோமாக்கும்!"

அன்றிலிருந்து பகலில் திறந்தோம், பொழுது சாயுமுன் மூடினோம். "நாத்த வெயில்ல வாட்டுதியே, கிறுக்கி!" என்று கங்காணி சிரித்தார். ஒரு நாள் காற்றே இல்லை, வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. விடிந்ததும் கங்காணி எங்களுக்கு முன்னே வந்து நின்றார். மலைச்சரிவு முழுக்க வெள்ளை. தட்டியின் மேலும் வெள்ளை. மைனி ஒரு தட்டியைத் தூக்கினாள். அடியில் ஈர மண், பச்சை நாற்று. கங்காணி தொண்டையைச் செருமினார்: "மத்த பாத்திக்கும் தட்டி முடைஞ்சிரு, தாயி."

பிறகு மாநில எல்லைக்குக் கோடு போட்டார்கள். பாறசாலையும் எங்கள் ஊரும் கேரளத்தோடு நின்றுவிட்டன. விடுதலையாகி வந்திருந்த அண்ணன் சோறு தொடாமல் உட்கார்ந்திருந்தார். மைனி கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க கேட்ட எல்லை கிடைக்கல்ல. வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல நான் ஒண்ணு போட்டேன், அது நின்னுது. அதுல வந்த சோறாக்கும், தின்னுங்க." அண்ணன் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார்.

மைனி இப்போது இல்லை. உறைபனியே விழாத இந்த ஊரில், முற்றமெல்லாம் சிமெண்ட் பூசிய பிறகு, கிணற்றடியில் ஒரு முழம் மண் மிச்சமிருக்கிறது. காலையில் அதில் கை வைத்துப் பார்க்கிறேன்.

சூடு உண்டு, மைனி.