தங்கத்தின் கோலா உருண்டை

கப்பலூர் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. அங்கே போல்ட் கழுவுவதுதான் தங்கத்தின் வேலை. ஒன்பது வருஷமாக மண்ணெண்ணெய்த் தொட்டியில் கையை விட்டுக் கழுவிக் கழுவி, அவள் விரல்களில் தோல் என்று ஒன்று நிலைத்ததே இல்லை. உரியும், வளரும், மறுபடி உரியும். வீட்டில் மிளகாய் அரைக்க உட்கார்ந்தால் விரல் வெடிப்புக்குள் காரம் இறங்கிக் கண்ணில் தண்ணீர் கொட்டும். கையைப் பார்த்த டாக்டர், இந்த வேலையை விட்டுவிடம்மா என்று லேசாகச் சொல்லிவிட்டார். விட்டுவிட்டு எதைத் தின்பது என்று அந்த மகராசன் மருந்துச் சீட்டில் எழுதித் தரவில்லை.

அதனால்தான் 1983 சித்திரையில் முதலாளி சொன்ன செய்தி தங்கத்துக்குத் தேன் மாதிரி இனித்தது. கம்பெனிக்குள் கேன்டீன் போடப் போகிறாராம். சமைக்க வெளியாள் வேண்டாம், இங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தியையே வைத்துக்கொள்ளலாம் என்றார். இந்த வருஷக் கூட்டாஞ்சோற்றில் யார் கொண்டுவரும் தொடுகறி எல்லாருக்கும் பிடிக்கிறதோ அவளுக்குத்தான் வேலை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

கூட்டாஞ்சோறு என்பது அந்தக் கம்பெனியில் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடப்பது. வாடிப்பட்டிப் பக்கம் முதலாளியின் மச்சினருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. லாரியில் எல்லாரும் குடும்பத்தோடு போவார்கள். செங்கல் அடுப்புக் கூட்டி, சோறும் கறிக்குழம்பும் ஆண்கள் அங்கேயே ஆக்குவார்கள். தொடுகறி மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும். யார் என்ன கொண்டுவருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். தங்கத்துக்கு வருஷம் தவறாமல் வந்தது இலையும் உப்பும்.

ஏன் என்று தங்கத்துக்குத் தெரியாதா? பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஞானஸ்நானம் ஒருவரின் பேரை மாற்றலாம், பிறந்த தெருவை மாற்றாது. அவள் புருஷன் மரியராஜ் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நிற்பவன். ஆனாலும் கம்பெனியில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் தனி டம்ளர்தான். இதையெல்லாம் தங்கம் எப்போதோ விழுங்கிச் செரித்துவிட்டாள். ஏனென்றால் அவளுக்குச் சோலையம்மாள் இருந்தாள்.

சோலையம்மாள் பேக்கிங்கில் இருப்பவள், தங்கத்தைவிட ஆறு வயது மூத்தவள், செக்கானூரணிப் பக்கம் நிலபுலமுள்ள சம்சாரி வீட்டுப் பெண். மற்ற பெண்கள் ஒரு பக்கம் கூடிச் சாப்பிட, அவள் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தங்கம் இருக்கும் பெஞ்சுக்கு வந்துவிடுவாள். தன் குழம்பைத் தங்கத்தின் சோற்றில் தாராளமாக ஊற்றுவாள். தங்கம் தன்னுடையதை நீட்டும்போது மட்டும் ஏதாவது குறுக்கே வந்துவிடும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது, மகனுக்கு நேர்த்திக்கடன். ஒன்றும் அகப்படாத நாளில் வயிறு சரியில்லை. அவள் இருந்த விரதத்தையெல்லாம் கூட்டினால் சாமியே போதும் தாயே என்று எழுந்து வந்திருக்கும். தங்கம் அத்தனையையும் நம்பினாள். நம்பியது மட்டுமா? எங்கள் அக்கா மாதிரி பக்தியுள்ள மனுஷியைப் பார்த்ததில்லை என்று கோயிலில் போய்ப் பெருமையும் அடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் கோலா உருண்டை கொண்டுவரட்டுமா என்று அவள் முதலில் கேட்டதும் சோலையம்மாளிடம்தான். கொண்டுவா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சோலையம்மாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தபோது, கண்ணால் பார்த்தே தங்கம் கற்ற பண்டம் அது. கூட்டாஞ்சோற்றன்று விடியுமுன் எழுந்து, திருமங்கலத்தில் கறிக்கடை திறக்கும்போதே போய் நின்று கொத்துக்கறி வாங்கினாள். சோம்பு, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயம், பொரிகடலை எல்லாவற்றையும் கறியோடு சேர்த்து ஆட்டுரலில் ஆட்டினாள். விரல் எரிந்தது. எரியட்டும், இன்னும் ஒரு மாசத்தில் ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். உருட்டிய ஒவ்வொன்றையும் உடையாமல் இருக்க வாழைநாரால் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி எண்ணெயில் போட்டாள். நார் கட்டிப் பொரிக்கிற பொறுமை இந்தக் காலத்தில் எவளுக்கு இருக்கிறது? நூற்றிருபது உருண்டை. மரியராஜ் ஒன்று கேட்டதற்குக் கையில் தட்டினாள்.

எல்லாவற்றையும் தன் கல்யாணத் தூக்குவாளியில் அடுக்கினாள். மதுரைப் பக்கம் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அந்தத் தூக்கின் வயிற்றில் ‘மரியராஜ் – தங்கம்’ என்று வெட்டி, மேலே ஒரு சின்னச் சிலுவையும் போட்டிருந்தது.

லாரியில் ஏறும்போது சோலையம்மாள் மாங்காய்ப் பச்சடிக் கிண்ணத்தோடு ஒரு பெரிய பித்தளைச் சட்டியும் கொண்டுவந்திருந்தாள். சட்டி காலி. எதற்கக்கா என்று தங்கம் கேட்டாள். எதுக்கும் ஆகும் என்றாள் அவள்.

தோப்பில் இறங்கியதும் தூக்குகளும் சட்டிகளும் ஒரு மாமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தன. வெட்டிய பேர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைப்பது அங்கே வழக்கம். வருகிறவர்கள் குனிந்து பேரைப் பார்ப்பார்கள், பிறகுதான் கரண்டியைத் தொடுவார்கள். தங்கமும் தன் தூக்கை வைத்துவிட்டு, பம்புசெட்டுத் தொட்டியில் இலை கழுவப் போனாள். இலை இந்த வருஷமும் அவள் கணக்கில்தான் இருந்தது.

ஈர இலைக் கட்டோடு திரும்பி வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய தூக்கு மரத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வரிசையின் நடுவே அந்தப் பெரிய பித்தளைச் சட்டி. அதில் நார் கட்டிய உருண்டைகள் கோபுரமாகக் குவிந்திருந்தன. சட்டியில் வெட்டியிருந்த பேர் க.சோலையம்மாள்.

 காலையில் லாரியில் ஏறிய காலிச் சட்டி அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சோலையம்மாள் அவள் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“உன் பேரப் பாத்தா எவன் கை வைப்பான்? அம்புட்டும் அப்படியே திரும்பிப் போகும். நான் நல்லதுதேன் செஞ்சிருக்கேன், பேசாம இரு.”

தங்கம் பேசாமல்தான் இருந்தாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் அவளுக்குப் பட்டது. முதலில் தின்னட்டும், பிறகு அக்காவே சொல்லிவிடுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். லேத்தில் கடைசல் பிடிக்கிற மொக்கைச்சாமி ஐந்து உருண்டை தின்றார். எதற்கும் நல்ல வார்த்தை சொல்லாத மனுஷர் அவர். இப்படி ஒரு கோலா என் மாமியார் வீட்டு விருந்தில்கூடக் கிடைத்ததில்லை என்று கத்திச் சொன்னார். முதலாளி மூன்று தின்றுவிட்டு, நாரைப் பிரித்துப் பார்த்து, இதல்லவா வேலை என்று மெச்சினார். தூரத்தில் மீந்த இலைக் கட்டோடு நின்ற தங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதோ, இப்போது சொல்லிவிடுவாள்.

முதலாளி கை கழுவி வந்து, கேன்டீன் சோலையம்மாளுக்குத்தான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். சோலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சிரித்தாள். “சரிங்கய்யா, வாரேன்” என்றாள்.

தங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டது தன் காதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்களே, அதைக் கழுத்தைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமை.

பெண்கள் பந்தியின் கடைக்கோடியில் இருந்த தங்கத்தின் பக்கத்தில், வழக்கம்போலச் சோலையம்மாள் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் துளி மாற்றமில்லை. குனிந்து காதோடு பேசினாள்.

“வெசனப்படாத. நீ உள்ள இருந்து ஆக்கு, நான் முன்னால நின்டு வைக்கிறேன். மண்ணெண்ணெய்த் தொட்டிய விட்டாப் போதும்னுதான நீ கெடந்த?”

இதற்கும் தங்கத்தின் மனசு வளைந்துகொடுக்கப் பார்த்தது, அதுதான் கொடுமை. கை ஆறினால் போதாதா, பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். அப்படி நினைத்துக்கொண்டே பக்கத்து இலையைப் பார்த்தாள். சோறு இருந்தது. கறிக்குழம்பு இருந்தது, அதில் எலும்பு வேறு. பச்சடி, கூட்டு, அப்பளம் எல்லாம் இருந்தன. கோலா மட்டும் இல்லை.

சட்டி வந்தபோது தங்கமே கரண்டியை வாங்கினாள்.

“ஒன்னு வைக்கட்டாக்கா?”

சோலையம்மாள் இலைக்கு மேலே கையை மூடினாள். “வேணாம்த்தா, வயிறு சரியில்ல.”

சொன்ன கையோடு எலும்பை எடுத்துக் கடித்தாள்.

அன்று செவ்வாயில்லை, வெள்ளியில்லை. அமாவாசை இல்லை, காப்பும் இல்லை. இருந்திருந்தால் எலும்பு எப்படி இறங்கும்?  கம்பெனி முழுக்கத் தின்றது. தெரியாமல் தின்றது. தெரிந்த ஒருத்தி இவள்தான், இவள் ஒன்றுகூடத் தொடவில்லை. ஒன்பது வருஷத்து விரதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்ணெதிரே அவிழ்ந்து விழுந்தன. தூக்கு கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி ஆகவில்லை. கேன்டீன் போனபோதும் ஆகவில்லை. இப்போது கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வீசினாள்.

எழுந்தாள். மரத்துக்குப் பின்னால் போய்த் தன் தூக்கை எடுத்து, மிச்சமிருந்த உருண்டைகளைச் சட்டியிலிருந்து அதில் வழித்துப் போட்டாள். முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே நடந்தாள்.

“ஐயா, அந்தக் கோலா நான் ஆக்குனது. இந்தாங்க, என் தூக்கு.”

 விறகுக் குவியல் அருகே மரியராஜ் ஒரு கட்டையைக் கையில் பிடித்தபடி நின்றான். முதலாளி சோலையம்மாளைப் பார்த்தார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. மொக்கைச்சாமி மெதுவாக எழுந்தார். வைவார் என்று தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் வையவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பம்புசெட்டுத் தொட்டிக்குப் போய்க் கொப்பளித்தார். அவர் பின்னால் இன்னொருவர். அப்புறம் நாலு பேர். இலை கழுவ அவள் குனிந்த அதே தொட்டியில், அவள் கண் முன்னாலேயே, வரிசையில் நின்று கொப்பளித்தார்கள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

முதலாளி மட்டும் எழுந்து போகவில்லை. தூக்கில் வெட்டியிருந்த பேரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேன்டீனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த அப்புறம் வரவே இல்லை. தங்கம் இன்னும் பதினோரு வருஷம் அதே தொட்டியில் போல்ட் கழுவினாள்.

மிஞ்சிய உருண்டைகளை அவளும் மரியராஜும் திரும்பி வரும்போது லாரியில் உட்கார்ந்து தின்றார்கள். நார் பிரித்துக் கொடுத்தவன் அவன்தான், அவள் விரல் அவ்வளவு எரிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சோலையம்மாள் ஒன்றுமே நடக்காத மாதிரி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அதே பெஞ்சுக்கு வந்தாள். நெஞ்சழுத்தம் என்றால் அப்படி. மூடியைத் திறந்து, மொச்சைக் குழம்பைக் கரண்டியில் அள்ளித் தங்கத்தின் சோற்றை நோக்கி நீட்டினாள்.

தங்கம் தன் சோற்றுக்கு மேலே கையை மூடினாள்.

“வேணாம்க்கா” என்றாள். “வயிறு சரியில்ல.”